'ஸ்ட்ரைக்': ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஒரு சொல் பல பொருள்களைத் தருதல் மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான இயல்பாகும். தமிழிலக்கண மரபு இதனைப் 'பலபொருள் ஒருசொல்' என்று குறிப்பிட்டது. சூடாமணி நிகண்டின் 11ஆவது தொகுதி இத்தகைய சொற்களின் பொருள்களைத் தொகுத்துக் கூறுவதற்கென்றே அமைந்தது. நவீன அகராதிகள் அப்பொருள்களை எண்ணிட்டு நிரைப்படுத்துகின்றன. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி, ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதன்முதலாகக் காணப்படும் காலத்தையும் தர முற்பட்டமை அகராதிக் கலையில் ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு பொருள் எப்பொழுது தோன்றியது என்பதை அறிவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. அதனைத் தோற்றுவித்தோர் யாவர், எத்தகைய உழைப்பின்போது தோற்றுவித்தனர், எந்தச் சமூக உறவுகள் அதனை வேண்டிநின்றன என்னும் வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும்.

இத்துறையில் நமக்கு வழிகாட்டும் ஆக்கங்கள் இல்லாமலில்லை. 1929ஆம் ஆண்டு வெளிவந்த மார்க்சியமும் மொழித் தத்துவமும் என்னும் நூலில் வொலொசினோவ், ஒரே மொழியைப் பல்வேறு வர்க்கங்கள் பயன்படுத்துவதால் ஒவ்வொரு சொல்லிலும் அவ்வர்க்கங்களின் வேறுபட்ட அழுத்தங்கள் ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன என்று விளக்கினார். றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட திறவுச் சொற்கள் என்னும் நூலில் பண்பாடு, வர்க்கம், கைத்தொழில் முதலிய சொற்களின் பொருள் மாற்றத்தைச் சமூக மாற்றத்துடன் இணைத்து ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் கருத்தியற் சொற்கள். நாம் இங்கு எடுத்துக்கொள்வதோ கொல்லனும் மாலுமியும் கூலவணிகனும் நாளாந்தம் கையாண்ட சிறியதொரு வினைச்சொல்: 'ஸ்ட்ரைக்'.

இச்சொல் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. ஆங்கிலம் அறியாத தொழிலாளியும் 'ஸ்ட்ரைக்' என்றால் வேலைநிறுத்தம் என்று அறிவான். ஆனால் பாடசாலையில் ஆங்கிலம் பயிலும் மாணவனுக்கு இச்சொல்லின் முதற்பொருளாகக் கற்பிக்கப்படுவது 'அடித்தல்' என்பதாகும். அடித்தல் ஒரு செயல். வேலைநிறுத்தமோ செயலை ஒழிதல். செயலையும் செயலொழிவையும் ஒரே சொல் எவ்வாறு குறிக்கலாயிற்று? இக்கட்டுரை விளக்க முற்படுவது இவ்வினாவையே.

உடலின் வினைகள்

பழைய ஆங்கிலத்தில் இவ்வினைச்சொல் அடித்தலைக் குறிக்கவில்லை. தடவுதல், தேய்த்தல், நகர்ந்து செல்லுதல் என்பனவே அதன் பழம்பொருள்கள். அதன் இனச்சொல்லான ஜேர்மன் வினை இன்றும் தடவுதல், வர்ணம் பூசுதல், எழுதியதைக் கோடிட்டு நீக்குதல் ஆகியவற்றைக் குறிக்கிறது. டச்சு மொழியில் அதே இனச்சொல் துணிக்கு அழுத்தி போடுவதைக் குறிக்கிறது. வன்மையாக அடித்தல் என்னும் பொருள் ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டளவிலேயே ஆங்கிலத்தில் நிலைபெற்றது. ஆகவே இன்று முதற்பொருளாகத் தோன்றுவது வரலாற்றில் முதற்பொருளன்று.

பழம்பொருளின் எச்சங்கள் சில இன்றும் எஞ்சியுள்ளன. தீக்குச்சியை உரசுவதற்கு ஆங்கிலேயர் 'ஸ்ட்ரைக்' என்னும் வினையையே வழங்குகின்றனர். தானியம் அளக்கும்போது மரக்காலின் வாய்க்கு மேல் குவிந்திருப்பதை வழித்து மட்டமாக்கும் கோலுக்கும் இப்பெயருண்டு. இங்கிலாந்தின் சில பகுதிகளில் அவ்வாறு மட்டமாக அளக்கப்பட்ட முகத்தலளவைக்கே அது பெயராயிற்று. நம்மவர் 'தலைதட்டி அளத்தல்' என்று கூறுவது இதுவே. குவித்து அளப்பதா தலைதட்டி அளப்பதா என்பது குத்தகை கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும், விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே எங்கும் பிணக்குக்குரியதாக இருந்துள்ளது. ஒரு கோலின் பெயரிலும் உடைமையுறவுகள் மறைந்திருத்தலை இங்கே காண்கிறோம்.

அடித்தல் என்னும் பொருள் நிலைபெற்ற பின்னர் அதனின்றும் கிளைத்த பொருள்கள் பல. மணிக்கூடு மணியடித்தல், நாணயம் அடித்தல், பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுதல், நோயோ துயரோ ஒருவரைத் தாக்குதல், ஓர் எண்ணம் திடீரெனத் தோன்றுதல், எதிர்பாராது பொன்னோ எண்ணெயோ அகப்படுதல், பேரம் முடிவாதல் ஆகிய யாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இவ்வொரு சொல்லே போதுமானது. எழுத்தை அடித்துவிடுதலில் கோடிழுத்தல் என்னும் பழம்பொருளும் கலந்துள்ளது.

இவற்றைத் தமிழின் 'அடி' என்னும் வினையோடு ஒப்பிடுதல் பயனுடையது. நாமும் மணி அடிக்கிறோம், நாணயம் அடிக்கிறோம், பிழையான சொல்லை அடித்துவிடுகிறோம். அஞ்சி வெளிறியவனைப் பேய் அடித்தவன் என்கிறோம். இலாபச்சீட்டு விழுந்தவனுக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்கிறோம். ஜேர்மானியர் தடவுதற் சொல்லால் வர்ணம் பூச, நாம் சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். இவ்வொற்றுமைகளுட் பெரும்பாலானவற்றுக்குக் கடன்பேற்றைக் காரணமாகக் காட்ட வேண்டியதில்லை. சம்மட்டியும் அச்சும் மணியும் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் மனித உடலின் வினையிலிருந்து ஒத்த பொருள்கள் கிளைத்தல் இயல்பே.

ஆயினும் இரண்டிடங்களில் இவ்வொற்றுமை முறிந்துவிடுகிறது. முதலாவது, கூடாரம். தமிழிற் கூடாரம் அடித்தல் என்றால் அதனை எழுப்புதல். ஆங்கிலத்திலோ அதே வினை கூடாரத்தைப் பிரித்து இறக்குதலைக் குறிக்கும். நாடகம் முடிந்தபின் மேடையமைப்பைக் களைதலுக்கும் அவர்கள் இவ்வினையையே வழங்குகின்றனர். தமிழன் முளையடிக்கும் செயலை நோக்கினான். ஆங்கிலேயனின் வழக்கில் உயர்ந்து நின்றதை மட்டமாக்கும் பழம்பொருள் செயற்பட்டது. இரண்டாவது, வேலைநிறுத்தம். அடித்தல் என்னும் தமிழ் வினைக்கு இப்பொருள் என்றுமே தோன்றவில்லை. அது உடலின் பொதுவான வினையிலிருந்து தானாகக் கிளைப்பதன்று. குறிப்பிட்ட ஒரு வரலாற்றுச் சூழலில், குறிப்பிட்ட மனிதர்களால் உண்டாக்கப்பட்டது. அதன் பிறப்பிடத்தை அறிய, இறக்குதல் என்னும் பொருளைத் தொடர்ந்து நாம் கடலுக்குச் செல்ல வேண்டும்.

பாய் இறக்குதல்

கப்பற்பாயையும் கொடியையும் கீழிறக்குதல் என்னும் பொருளில் இச்சொல் மாலுமிகளிடையே நெடுங்காலமாக வழங்கிவந்தது. கடற்போரிற் கொடியை இறக்குதல் சரணடைதலின் குறி. தமக்குரியதெனத் தாம் கொண்டாடிய கடலில் வேற்று நாட்டுக் கப்பல்கள் ஆங்கிலக் கடற்படைக் கப்பலைக் கண்டதும் மரியாதையின் அடையாளமாகக் கொடியையோ மேற்பாயையோ இறக்க வேண்டும் என்று இங்கிலாந்து வற்புறுத்தியது. 1652 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி திரொம்ப்புக்கும் ஆங்கிலத் தளபதி பிளேக்குக்கும் இடையே டோவர்க் கடலில் மூண்ட மோதலுக்கு இவ்வணக்கம் பற்றிய பிணக்கே உடனடிக் காரணமாயிற்று. முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட கப்பலோட்டச் சட்டத்தின் வாயிலாக ஒல்லாந்தரின் வணிகத்தைப் பறிக்க ஆங்கில வணிக வர்க்கம் முனைந்தமையே அதன் அடிப்படைக் காரணம். ஆக, 17ஆம் நூற்றாண்டிற் பாய் இறக்குதல் என்பது பணிதல் என்று பொருள்பட்டது.

ஏறத்தாழ 116 ஆண்டுகளின் பின்னர் அதே செயல் வேறொரு பொருளைப் பெற்றது. 1756 முதல் 1763 வரை நடைபெற்ற ஏழாண்டுப் போர் முடிவுற்றதும் கடற்படையிலிருந்து பெருந்தொகையான மாலுமிகள் விலக்கப்பட்டனர். வேலை தேடுவோர் பெருகவே வணிகக் கப்பல்களிற் கூலி வீழ்ந்தது. உணவுப்பொருள்களின் விலையோ ஏறியது. 1768ஆம் ஆண்டு முதலிற் சண்டர்லாந்துத் துறைமுகத்திலும், பின்னர் மே மாதத்தில் இலண்டனிலும் மாலுமிகள் திரண்டனர். தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களில் ஒவ்வொன்றாக ஏறிப் பாய்களையும் அவற்றைத் தாங்கும் மரங்களையும் இறக்கினர். கூலி உயரும்வரை எக்கப்பலும் புறப்படாது என்பதே அச்செயலின் கருத்து. கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கும் தொழிலாளரும் அதே காலத்திற் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுள் எழுவர் அவ்வாண்டு யூலையில் தூக்கிலிடப்பட்டனர். உலகின் மிகப் பெரிய வணிகத் துறைமுகங்களுள் ஒன்று செயலற்றது. வேலையை மறுத்தல் என்னும் பொருளில் இவ்வினை எழுத்திற் பதிவாவது இவ்வாண்டிலேயே.

தொழிலாளர் தம் கருவிகளைக் கீழே வைத்தலிலிருந்து இப்பொருள் வந்திருக்கலாம் என்று கூறுவோருமுளர். அவ்விளக்கத்தை ஏற்பினும் இறக்குதல் என்னும் கருத்தே அடிப்படையாகிறது. எனினும் 1768இன் நிகழ்ச்சிகளும் சொல்லின் முதற்பதிவும் காலத்தால் ஒன்றியிருத்தல் மாலுமிகளின் செயலையே பெரிதும் சுட்டுகிறது. மார்க்கஸ் றெடிக்கர், பீற்றர் லைன்போ ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இம்மாலுமிகளை உலகத் தொழிலாளர் வரலாற்றின் முன்னோடிகளாக இனங்காண்கின்றனர். ஆழ்கடற் கப்பல் தொழிற்சாலைக்கு முந்திய தொழிற்சாலை என்பது அவர்களது கருத்து. பலர் ஓரிடத்தில் கூலிக்காகக் கூட்டாக உழைத்தமையும், கடும் ஒழுங்குக்கு உட்பட்டமையும், உழைப்புச் சாதனம் பிறர் உடைமையாய் இருந்தமையும் நெசவாலைக்கு முன்னரே கப்பலில் நிறைவேறியிருந்தன.

நாம் இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பாய் இறங்குதல் என்னும் பௌதிகச் செயல் 1652இலும் 1768இலும் ஒன்றே. வேற்றரசின் ஆணைக்கு அஞ்சி இறக்கியபோது அது பணிவாயிற்று. அதனை நாளும் ஏற்றி இறக்கும் கைகளே தம் முடிவால் இறக்கியபோது அது பணிய மறுத்தலாயிற்று. பொருளை மாற்றியது சொல்லின் உள்ளியல்பன்று. செயலைச் செய்வோரின் சமூகநிலை. மேலும், மாலுமிகள் தம் எதிர்ப்பைத் தெரிவிக்கப் புதுச்சொல் எதனையும் படைக்கவில்லை. தம் தொழிலின் நாளாந்தச் சொல்லையே எடுத்தாண்டனர். அவர்களது உழைப்பின்றிக் கப்பல் நகராது என்னும் உண்மையை அச்சொல்லே கூறிற்று.

சட்டத்தின் சொல்லும் உழைப்போரின் சொல்லும்

அக்கால ஆளும் வர்க்கம் இச்செயலை வேறு பெயர்களால் அழைத்தது. சட்டத்தின் மொழியில் அது 'கூட்டுச் சேர்தல்' அல்லது 'சதி' ஆகும். 1799, 1800 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட கூட்டுச்சேர்தற் சட்டங்கள் கூலி உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுபடுவதைக் குற்றமாக்கின. 1824இல் அவை நீக்கப்பட்டன. மறுவருடமே புதிய கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இச்சட்டங்கள் நடைமுறையிலிருந்த 1810ஆம் ஆண்டளவிலேயே 'ஸ்ட்ரைக்' வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாகவும் வழங்கத் தொடங்கிற்று. வினை பெயராவதை வெறும் இலக்கண மாற்றமாகக் கொள்ளலாகாது. எப்பொழுதோ சிலர் செய்யும் செயல், திட்டமிட்டு நடத்தக்கூடிய, வரலாறு கொண்ட சமூக நிறுவனமாக உருப்பெற்றதை அது காட்டுகிறது. சட்டம் தடைசெய்தவொன்றுக்கு மொழி பெயர் வழங்கிவிட்டது. ஆலைப் பகுதிகளில் 'வெளியேறுதல்' எனப் பொருள்படும் பிறிதொரு சொல்லும் சில தசாப்தங்கள் வழங்கியது. 1845இல் இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்க நிலைமை பற்றி எழுதிய ஏங்கெல்சின் நூலிலும் அதனைக் காணலாம். காலப்போக்கில் மாலுமிகளின் சொல்லே நிலைத்தது.

பிறமொழிகள் இதே செயலுக்கு வெவ்வேறு அனுபவங்களிலிருந்து பெயர் கண்டன. பிரெஞ்சுச் சொல்லான 'கிறேவ்' பாரிசில் சேன் நதிக்கரையிலிருந்த ஒரு சதுக்கத்தின் பெயர். வேலையற்றோர் வேலை தேடிக் கூடிநின்ற இடம் அது. ஸ்பானியச் சொல் ஓய்ந்திருத்தலையும் இத்தாலியச் சொல் உழைப்பினின்று நீங்குதலையும் அடிப்படையாகக் கொண்டவை. 'ஹர்த்தால்' என்பது கடைக்குப் பூட்டுப் போடுதல். வணிகரின் எதிர்ப்பு முறையே அதிற் பதிந்துள்ளது. யப்பானியர் ஆங்கிலச் சொல்லை இருமுறை கடன்பெற்றனர். தொழிலாளர் போராட்டத்துக்குச் 'சுதொராய்கி' என்றும், பேஸ்போல் விளையாட்டில் வருவதற்குச் 'சுதொராய்கு' என்றும் ஈற்றெழுத்தால் வேறுபடுத்தி வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் ஒன்றாய்த் தோன்றுவது உண்மையில் வெவ்வேறு சமூக வாழ்வுகளைக் கொண்டது என்பதற்கு இது தக்க சான்று.

பேஸ்போற் பொருளும் விளக்கத்துக்குரியது. பந்தை நோக்கி மட்டையை வீசுதலே தொடக்கத்தில் இச்சொல்லாற் குறிக்கப்பட்டது. வீசியும் அடிக்கத் தவறியமையும், பின்னர் அடிக்கத்தக்க பந்துக்கு வீசாமல் நின்றமையும் அவ்வாறே கணக்கிடப்பட்டமையால், 'அடி' என்னும் சொல் அடியாமையைக் குறிக்கும் விந்தை நேர்ந்தது. மூன்று தவறினால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். இவ்விளையாட்டு விதியையே கலிபோர்ணியா 1994இற் குற்றவியற் சட்டத்தின் பெயராக்கியது. அச்சட்டத்தின் கீழ் 9 வீடியோ நாடாக்களைத் திருடிய ஒருவருக்கு விதிக்கப்பட்ட, குறைந்தது 50 ஆண்டுகளான ஆயுட்சிறைத் தண்டனையை 2003இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2012இல் அச்சட்டம் ஓரளவு தளர்த்தப்பட்டது. சிறைவாழ்வை விளையாட்டின் மொழியாற் பெயரிடும்போது தண்டனையின் கொடுமை புலப்படாது போகிறது. வான்வழிக் குண்டுவீச்சை 'ஸ்ட்ரைக்' என்று இராணுவ அறிக்கைகள் வழங்குவதும் இத்தகையதே. அங்கே அடி விழுவது 'இலக்கின்' மீது. இறந்தோர் வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை.

தமிழில் இச்சொல்லின் வாழ்வு

இச்சொல் பிரித்தானிய ஆட்சியோடும் கூலியுழைப்போடும் சேர்ந்தே தமிழரிடம் வந்தது. 1893இற் கொழும்பில் அச்சகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளப்படுவதைக் குமாரி ஜயவர்த்தனவின் 1972ஆம் ஆண்டு ஆய்வால் அறிகிறோம். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் போராட்டத்துடன் வ. உ. சிதம்பரம்பிள்ளையின் பெயர் பிணைந்துள்ளது. 1940 சனவரியில் மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். ஆங்கிலச் சொல்லின் எண்ணற்ற பொருள்களுள் தமிழ்த் தொழிலாளி எடுத்துக்கொண்டது ஒன்றை மட்டுமே. மொழியைக் கடன்பெறுவோர் கண்மூடிப் பெறுவதில்லை. தம் வாழ்வு வேண்டுவதையே பெறுவர். வேலைநிறுத்தத்தை முறிப்போனைக் 'கருங்கால்' என்ற ஆங்கில வழக்குக்கு இணையாகக் 'கருங்காலி' என்னும் சொல் தமிழிற் புதுப்பொருளோடு வழங்குவதும் இவ்வாறானதே.

'வேலைநிறுத்தம்' என்னும் தமிழாக்கம் தெளிவானது. ஆயினும் அதற்கும் இரண்டு முகங்கள் உண்டு. தொழிலாளர் வேலையை நிறுத்தினர் என்கிறோம். முதலாளி தொழிலாளரை வேலையிலிருந்து நிறுத்தினார் என்றும் சொல்கிறோம். வினை ஒன்றே. நிறுத்துவோர் யார், நிறுத்தப்படுவது எது என்பதை வேற்றுமையுருபே தெரிவிக்கிறது. ஆங்கிலத்திலும் இந்நிலையே. வேலை செய்ய மறுப்பதும் 'ஸ்ட்ரைக்'; மறுத்தவரின் பெயரை இடாப்பிலிருந்து அடித்துவிடுவதும் 'ஸ்ட்ரைக்'. 1980 யூலையில் இலங்கையில் நடைபெற்ற பொது வேலைநிறுத்தத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன. வேலையை நிறுத்தியோருள் ஏறத்தாழ 40,000 பேர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டனர். அரசு அதனைப் பதவிநீக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. அவர்கள் தம் பதவிகளைத் தாமே விட்டுச் சென்றவர்களாகக் கருதப்பட்டனர். கூட்டாக உரிமை கேட்ட செயல், தனித்தனி ஊழியர் தாமாக விலகிய செயலாக நிருவாக மொழியில் மாற்றப்பட்டது. பல குடும்பங்களின் வாழ்வு அம்மாற்றத்தில் தங்கியிருந்தது. சொற்பொருள் ஆராய்ச்சி ஏட்டுப்புலமைக்கு மட்டும் உரியதன்று என்று நாம் கூறுவது இதனாலேயே.

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். ஒரு சொல்லின் பொருள்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சில மனித உடலின் பொதுவினைகளிலிருந்து கிளைப்பன. அவற்றுக்கு ஒத்தவற்றை மொழிகள் பலவற்றிற் காணலாம். வேறு சில குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள் எழுந்த போராட்டங்களின் விளைவுகள். எண்ணிட்டு அடுக்கும் அகராதி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. தமிழைப் பொறுத்தவரை, 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இலக்கிய வழக்குகளைத் தொகுப்பதில் அரும்பணி ஆற்றியது. உழைப்போரின் சொற்களுக்கு அத்தகைய வரலாற்றுத் தொகுப்பு வேண்டும். தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்கள், கூட்டக் குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள், தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் வாய்மொழியாக வழங்குவன ஆகியவை அதற்கு மூலங்களாகும். ஒரு நாளின் கூலியில் பாதி மட்டும் பதியப்படுவதைத் தோட்டத் தொழிலாளர் 'அரைப்பேர்' என்றனர். இத்தகைய சொற்கள் எவ்வாண்டில், எத்தோட்டத்தில், எந்தப் பிணக்கில் எழுந்தன என்பதை அறிந்தோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்தல் பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.